பாடினோர் பெயர்: அமெரிக்க வெகுமக்கள் இசையும் நூலகப் பார்வை நூல்களும்

புறநானூற்றுப் பாடல் ஒன்றைப் படித்து முடித்ததும் கண் அதன் அடியில் உள்ள குறிப்பின்மீது செல்கிறது. திணை இன்னது, துறை இன்னது, பாடினோர் இன்னார், பாடப்பட்டோர் இன்னார் என்று அக்குறிப்பு உரைக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், பெயர் மறைந்த புலவர் சிலருக்கு அவர்தம் பாடலிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார் இன்றளவும் அப்படித்தான் வாழ்கிறார். அவ்வாறும் பெயர் பெறாத பாடல்கள் உண்டு. பாடலைக் காப்பது ஒரு பணி. பாடினோர் பெயரைக் காப்பது மற்றொரு பணி. முன்னதைவிடப் பின்னது அரிது.

அச்சும் இசைத்தட்டும் பதிப்புரிமைச் சட்டமும் அரசுப் பதிவேடும் நிறைந்திருந்த ஒரு நாட்டிலேயே, பாடினோர் பெயர் மறைந்த வரலாறு உண்டு. அமெரிக்க வெகுமக்கள் இசையின் வரலாறு அத்தகையது. அப்பெயர்களை மறைத்தவற்றுள்ளும் மீட்டவற்றுள்ளும் நூலகத்தின் பார்வை நூல்களும் பதிவேடுகளும் அடங்கும். அவற்றைப் பட்டியலிட்டுக் கூறுவது எளிது. கேட்போர்க்கு அதனால் பயன் குறைவு. ஆதலின் இவ்வுரை ஒரே பாட்டினை அந்நூல்களின் வழியே பின்தொடர்ந்து செல்கிறது. ஐரீன் என்னும் பெண்ணிடம் இரவு விடைபெறும் 'குட்நைட் ஐரீன்' என்பதே அப்பாட்டு.

நூலகத்துள் நுழைந்த வெகுமக்கள் இசை

தெருவிலும் மதுக்கடையிலும் திருவிழாக் கொட்டகையிலும் பாடப்பட்ட பாட்டுகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் ஆய்வுப்பொருளாகக் கருதவில்லை. அந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் ரே பிரவுன் என்னும் பேராசிரியர் முதன்மையானவர். ஒகையோ மாநிலத்துப் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் அவர் 1967-இல் வெகுமக்கள் பண்பாட்டுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். மலிவு விலை நாவல், படக்கதை, இசைத்தட்டு, சுவரொட்டி என்று பிற நூலகங்கள் குப்பை எனத் தள்ளியவற்றையெல்லாம் அப்பல்கலைக்கழகத்தின் நூலகங்கள் சேர்த்து வைத்தன. இன்று இத்துறையில் தேடுவோர்க்கு அவை தலைவாயில்கள்.

அடுத்து வந்தவை வழிகாட்டு நூல்கள். தாமஸ் இஞ்ச் பதிப்பித்த அமெரிக்க வெகுமக்கள் பண்பாட்டுக் கையேடு 1978 முதல் 1981 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு துறைக்கும் சுருக்கமான வரலாறு, அத்துறையின் பார்வை நூல்கள், சேகரிப்புகள் இருக்கும் இடங்கள் என்னும் ஒழுங்கில் அமைந்தது அந்நூல். இசைக்கெனத் தனியே அமைந்த பெருங்களஞ்சியம், குரோவ் வரிசையின் அமெரிக்க இசை அகராதி ஆகும். 1986-இல் நான்கு தொகுதிகளாக இருந்த அது 2013-இல் எட்டுத் தொகுதிகளாக விரிந்தது. முன்னர் ஒரு பத்தியில் அடங்கிய பாடகர்களும், இடமே பெறாத பாடகர்களும் பின்னர் இடம்பெற்றனர். ஆதலின் ஒரு களஞ்சியத்தில் ஒருவர் பெயர் இல்லை என்பதால் அவர் இருந்ததில்லை என்று முடிவு கட்டுதல் கூடாது. பதிப்பித்தோர் கண்ணுக்கு அவர் அன்று தெரியவில்லை என்பதே அதன் பொருள்.

சிறையில் ஒலித்த குரல்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1928-இல் நாட்டுப்பாடல் காப்பகம் ஒன்றை நிறுவி, ராபர்ட் கார்டன் என்பாரை அதன் முதல் தலைவராக்கியது. 1933-இல் ஜான் லோமாக்ஸ் என்பார், பதினெட்டு வயது மகன் ஆலனுடன், ஏறத்தாழ 315 பவுண்டு எடையுள்ள ஒலிப்பதிவுக் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களுக்குப் பாட்டுத் தேடிப் புறப்பட்டார். வானொலியும் இசைத்தட்டும் எட்டாத இடங்களில் பழம்பாட்டு மாறாது நிற்கும் என்பது அவர் கருத்து. ஆகவே அவர் சிறைச்சாலைகளை நாடினார்.

லூசியானா மாநிலத்தில் அங்கோலா என்னும் சிறைப்பண்ணையில், ஹடி லெட்பெட்டர் என்னும் கறுப்பினக் கைதி பன்னிரு நரம்புக் கிதாரை இசைத்துப் பாடினார். லெட் பெல்லி என்பது அவருக்கு வழங்கிய பெயர். அவர் பாடியவற்றுள் ஒன்று 'குட்நைட் ஐரீன்'. மறு ஆண்டிலும் லோமாக்ஸ் அங்கே சென்று அவர் பாட்டைப் பதிந்தார். காப்பகத்தின் அட்டையில் பாடியவர் பெயர், இடம், ஆண்டு, பதிந்தவர் பெயர் ஆகிய நான்கும் உண்டு. புறநானூற்று அடிக்குறிப்பினை நினைவூட்டும் அட்டை இது.

இதன் அருமை, முந்தைய நூற்றாண்டின் தொகுப்பு ஒன்றோடு ஒப்பிடுங்கால் விளங்கும். அடிமைகளின் பாட்டுகளை முதன்முதல் நூலாக்கியோர் ஆலன், வேர், கேரிசன் என்னும் மூவர். 136 பாட்டுகளைக் கொண்ட அந்நூல் 1867-இல் வெளிவந்தது. பாட்டுக் கிடைத்த இடம் அதில் உண்டு. திரட்டித் தந்தவர் யார் என்பதும் உண்டு. பாடிய அடிமைகளின் பெயர் பெரும்பாலும் இல்லை. அத்தொகுப்பாளர்கள் அடிமை முறையை வெறுத்தவர்கள். அன்பினால் அத்தொகுப்பைச் செய்தவர்கள். அன்புடையார் தொகுப்பிலும் பெயர் விடுபடும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அச்சிட்ட தாளும் பதிப்புரிமை ஏடும்

லெட் பெல்லி இப்பாட்டினைத் தம் சிறிய தந்தைமாரிடம் கற்றதாகக் கூறினார். காப்பகத்தோடு தேடல் நின்றிருந்தால், இது ஆசிரியர் பெயர் அறியப்படாத நாட்டுப்பாடல் என்றே முடிவு அமைந்திருக்கும். ஆனால் நூலகத்தின் மற்றொரு பகுதி வேறு சான்று தருகிறது.

ஒலித்தட்டுக்கு முந்தைய காலத்தில் பாட்டு விற்பனை என்பது இசைத்தாள் விற்பனையே. பாட்டின் சொற்களையும் இசைக்குறிகளையும் சில பக்கங்களில் அச்சிட்டு, வண்ண அட்டையிட்டு விற்றனர். வீட்டில் பியானோ வைத்திருந்தோர் அவற்றை வாங்கினர். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள லெஸ்டர் லெவி சேகரிப்பில் இத்தகைய தாள்கள் ஏறத்தாழ 29,000 உள்ளன. காங்கிரஸ் நூலகத்தின் சேகரிப்பு இதனினும் பெரிது. பதிப்புரிமை வேண்டியோர் நூலகத்துக்குப் படி அளித்தாக வேண்டும் என்னும் விதியால் பெருகியது அது.

1886-ஆம் ஆண்டின் தாள்களுள் ஐரீனிடம் விடைபெறும் பாட்டு ஒன்று உண்டு. அதனை இயற்றியவர் கசி லார்ட் டேவிஸ் என்னும் கறுப்பினப் பாட்டாசிரியர். சின்சினாட்டி நகரில் வாழ்ந்தவர். அந்நகர இசைக்கல்லூரி ஒன்றில் நிறம் காரணமாக இடம் மறுக்கப்பட்டு, துப்புரவுப் பணி செய்து அதற்கு ஈடாகத் தனிப்பாடம் கற்றவர் என்பர். 1896-இல் அவர் எழுதிய வேறொரு பாட்டு நாடெங்கும் விற்றது. 1899-இல், முப்பத்தாறு வயது நிறையுமுன் இறந்தார். அவருடைய தாளும் லெட் பெல்லியின் பதிவும் அருகருகே வைத்து நோக்கப்பட்ட பின்னரே, 'நாட்டுப்பாடல்' என்னும் சொல்லின் பின்னே ஒரு மனிதர் நின்றது தெரியவந்தது. அதனால் லெட் பெல்லியின் பங்கு குறைந்துவிடாது. அச்சுத்தாளில் இருந்த மெல்லிய விடைபெறுதல் அவர் குடும்பத்தார் நாவில் உருமாறி, சிறைவாழ்வின் துயரை ஏற்று வேறொரு பாட்டாகவே வளர்ந்தது. டேவிஸ் விதைத்ததை லெட்பெட்டர் குடும்பம் வளர்த்தது என்று கூறுதல் பொருந்தும்.

பதிப்புரிமைப் பதிவேடுகள் இத்துறையின் மிகப்பெரிய பார்வைக் கருவி. அச்சிட்ட பதிவுப் பட்டியல் 1891-இல்தான் தொடங்குகிறது. 1886-இன் பாட்டினைத் தேடுவோர் அதில் தேடிப் பயனில்லை. 1870 முதல் நடந்த பதிவுகளுக்குரிய பழைய ஏடுகளையும் அட்டைகளையுமே நாட வேண்டும். எந்தப் பட்டியல் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது என்பதை அறியாது தேடுவோர், இல்லாததைத் தேடிக் களைப்பர். அல்லது இருப்பதை இல்லை என்பர்.

இப்பதிவேட்டில் 'குட்நைட் ஐரீன்' பாட்டுக்கு ஆசிரியராக நிற்போர் இருவர்: ஹடி லெட்பெட்டர், ஜான் லோமாக்ஸ். பாடியவரோடு சேகரித்தவரும் ஆசிரியராகிறார். முன்னர் எழுதிய டேவிஸ் அங்கே இல்லை. இது தனித்த நிகழ்ச்சியன்று. வர்ஜீனியா மலைநாட்டுக் கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஊர் ஊராகச் சென்று பாட்டுச் சேகரித்தபோது, லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார்க் கலைஞர் உடன் சென்றார். கேட்ட மெட்டுகளை நினைவில் நிறுத்தி வந்து அக்குடும்பத்தாருக்குக் கற்பித்தார். ஆசிரியராகப் பெயர் பெற்றவர் கார்ட்டர். பதிப்புரிமை ஏடு பாட்டின் பிறப்பைச் சொல்வதில்லை. பாட்டினால் வரும் பணம் எவரிடம் செல்லும் என்பதையே சொல்கிறது. அந்த அளவில் மட்டுமே அதனைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

விற்பனைப் பட்டியலின் உச்சி

லெட் பெல்லி 1949 டிசம்பரில் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். 1950-இல் வீவர்ஸ் என்னும் வெள்ளையர் குழு பாடிய 'குட்நைட் ஐரீன்' இசைத்தட்டு பதின்மூன்று வாரங்கள் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டில் ரெட் ஃபோலி, எர்னஸ்ட் டப் இருவரும் பாடிய தட்டு நாட்டுப்புற இசைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. சில மாதங்கள் முன்னர் இறந்தவரின் குரல் அவ்விரு பட்டியலின் உச்சியிலும் இல்லை.

இவ்விவரத்தைத் தருவது பில்போர்டு என்னும் வணிக இதழ். 1894-இல் விளம்பரத் தட்டிகள் தொழிலுக்கெனப் பிறந்த அவ்விதழ், 1940 முதல் இசைத்தட்டு விற்பனை வரிசையை வெளியிட்டது. கறுப்பினத்தார் வாங்கும் தட்டுகளுக்கு வேறு பட்டியல் இருந்தது. 'இன இசைத்தட்டு' என்று அதற்கு இட்ட பெயர் 1949-இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது, வேலி நின்றது. ஆகவே இப்பட்டியல்களில் ஒரு பாட்டினைத் தேடுவோர் எல்லாப் பட்டியல்களிலும் தேடுதல் வேண்டும்.

ஜோயல் விட்பர்ன் என்பார் இப்பட்டியல்களை ஆண்டுவாரியாகவும் பாடகர்வாரியாகவும் தொகுத்து நூல்களாக்கினார். அவை கைக்கு உதவும் நூல்கள். எனினும் 1890 முதல் 1954 வரையிலான பாட்டுகளுக்கு அவர் 1986-இல் வெளியிட்ட நூலினை எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும். 1940-க்கு முன் நாடு தழுவிய தட்டு விற்பனை வரிசை கிடையாது. அக்கால இடங்கள் அவர் பல்வேறு குறிப்புகளைக்கொண்டு அமைத்தவை. அச்சில் எண் கண்டதும் அதனை அளவை என்று நம்புதல் ஆய்வுக்கு ஆகாது.

இசைத்தட்டு அடைவுகள்

சொல்லடைவு, நூலடைவு என்பன போல இசைத்தட்டுகளுக்கும் அடைவு உண்டு. யார் பாடினார், யார் இசைத்தார், எந்நாளில், எவ்வூரில், எத்தனையாம் முறை பதிந்தது, தட்டின் எண் என்ன என்பவற்றை அது நிரல்படத் தரும். 1936-இல் பாரிஸ் நகரில் சார்ல் தெலோனே வெளியிட்ட ஜாஸ் அடைவு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. பிரையன் ரஸ்ட் என்னும் ஆங்கிலேயர் 1942 வரையிலான ஜாஸ் தட்டுகளை அடைவு செய்தார். டிக்சன், காட்ரிச் என்னும் இருவர் புளூஸ், நற்செய்தி இசைத் தட்டுகளைத் தொகுத்தனர். அதன் நான்காம் பதிப்பு 1997-இல் வெளிவந்தது. டோனி ரஸல் 1921 முதல் 1942 வரையிலான நாட்டுப்புற இசைக்கு 2004-இல் அடைவு வெளியிட்டார். இந்நால்வகை உழைப்பும் ஐரோப்பாவில் தொடங்கியது என்பது எண்ணத்தக்கது. தன் வீட்டுச் செல்வத்தின் கணக்கினை அமெரிக்கா அயலாரிடமிருந்து பெற்றது.

அடைவின் பயனுக்கு ஒரு சான்று போதும். 1930 ஜூலையில் ஹாலிவுட்டில், நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடிய ஒரு தட்டில் ஊதுகுழல் ஒன்று ஒலிக்கிறது. தட்டின் வட்டச் சீட்டில் ஊதியவர் பெயர் இல்லை. அவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில் ஹார்டின். வெள்ளையருக்கு விற்கும் தட்டில் கறுப்பினக் கலைஞர் பெயரைச் சீட்டு மறைத்தது. அடைவு அதனைக் காட்டியது. எனினும் அடைவுகளும் புளூஸ் வேறு, நாட்டுப்புற இசை வேறு என்று வணிகர் வகுத்த வேலியின் வழியே பிரிந்து நிற்கின்றன. இரு நூல்களையும் ஒருங்கே விரித்து வைப்போர்க்கே அந்த வேலியைக் கடந்து இசைத்த கைகள் தெரியும். சாந்தா பார்பரா நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் திறந்து வைத்துள்ள வரலாற்று ஒலிப்பதிவு அடைவு இவ்விணைப்பினைப் பெரிதும் எளிதாக்கியுள்ளது.

கதையும் சான்றும்

பாடகர்களைச் சுற்றிக் கதை வளர்வது எந்நாட்டிலும் இயல்பு. லெட் பெல்லி ஆளுநருக்குப் பாட்டாலே விண்ணப்பம் செய்து இருமுறை விடுதலை பெற்றார் என்பது புகழ்பெற்ற கதை. டெக்சஸ் ஆளுநர் பேட் நெஃப் 1925-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கியது உண்மை. பாட்டு அதற்குத் துணைநின்றதும் உண்மை. லூசியானா விடுதலைக்கு அக்கதை பொருந்தாது. 1934-இல் அவர் நன்னடத்தைக்குரிய தண்டனைக் குறைப்பின்படியே வெளிவந்தார் என்று சிறை நிருவாகம் எழுதியது. ஒரே கதையின் பாதியை ஆவணம் ஏற்கிறது, மறுபாதியை மறுக்கிறது.

ராபர்ட் ஜான்சன் என்னும் மிசிசிப்பிப் புளூஸ் பாடகரின் செய்தியும் இத்தகையதே. 1936-இலும் 1937-இலும் டெக்சஸில் 29 பாட்டுகளைப் பதிந்துவிட்டு மறைந்த அவர், நாற்சந்தியில் தன் உயிரைச் சாத்தானுக்கு விற்றுக் கலை பெற்றார் என்று கதை எழுந்தது. 1968-இல் கேல் டீன் வார்ட்லோ என்னும் ஆய்வாளர் அவருடைய இறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்தார். 1938 ஆகஸ்ட் 16, கிரீன்வுட் அருகில் என்பது அதிலுள்ள செய்தி. நோயின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மருத்துவர் இல்லை என்னும் குறிப்பே இருந்தது. அச்சான்றிதழின் பின்பக்கத்தில் தோட்ட உரிமையாளர் கூறியதாக ஒரு கருத்தும் எழுதப்பட்டிருந்ததை ஆய்வுலகம் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தது. ஆவணத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். புரட்டிய பின், பேசுவது யார் என்றும் கேட்டல் வேண்டும். மருத்துவர் வராத வீட்டில் முதலாளி சொன்ன நோய் மருத்துவச் சான்று ஆகாது. எனினும் அந்த ஒற்றைச் சொல்லே, அவர் எவ்வாறு வாழ்ந்து எவ்வாறு இறந்தார் என்பதைச் சாத்தான் கதையினும் வலிமையாகச் சொல்கிறது.

ஏடுகள் எழுதாதவற்றை முதியோர் நினைவிலிருந்து எழுதிய காப்பகங்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரின் துலேன் பல்கலைக்கழகத்தில் 1958-இல் தொடங்கிய ஜாஸ் காப்பகம், மூத்த கலைஞர்களின் வாய்மொழியைப் பதிந்து காத்தது.

தேடும் சொல்

கட்டுரைகளைத் தேடுவோர்க்கு 1949-இல் தொடங்கிய இசைக் கட்டுரை அடைவும், 1967 முதல் வெளிவரும் ரில்ம் என்னும் பன்னாட்டு இசை ஆய்வு அடைவும் துணைநிற்கின்றன. வாழ்க்கைக் குறிப்புகளுக்கு ஐலீன் சதர்ன் அம்மையாரின் உழைப்பினை மறத்தல் இயலாது. கறுப்பின அமெரிக்கரின் இசை வரலாற்றை 1971-இலும், அவ்விசைவாணரின் வாழ்க்கை அகராதியை 1982-இலும் அவர் அளித்தார்.

எந்த அடைவினைத் திறந்தாலும் தேடும் சொல் எது என்பது முதல் வினா. காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் 'நீக்ரோ' என்றிருந்தது 1970-களில் 'ஆஃப்ரோ-அமெரிக்கர்' என்றாகி, இருபதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்றாயிற்று. பழைய அட்டைகளும் அச்சிட்ட அடைவுகளும் தம் காலச் சொல்லிலேயே நிற்கின்றன. இன்றைய சொல்லை மட்டும் கொண்டு தேடுவோர்க்கு அரை நூற்றாண்டு மறைந்துவிடும். இகழ்ச்சிச் சொல்லாயினும் அதன்வழியே சென்றால்தான் இகழப்பட்டவரை அடைய முடியும் என்னும் நிலை இது. சொல்லின் வரலாற்றை அறிந்த கவிஞர்க்கு இது புதிதன்று.

நிறைவாக

அமெரிக்காவில் அச்சிட்ட இசைக்கு 1831 முதல் நாடு தழுவிய பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அவ்வுரிமை 1972-இல்தான் கிட்டியது. அதுவரை வெளிவந்த தட்டுகளை நூலகத்துக்கு அளிக்கும் கடப்பாடு எவர்க்கும் இல்லை. தனியார் சிலர் வீட்டுப் பரணில் காத்தமையால் எஞ்சியவை பல. 2000-இல் இயற்றிய சட்டத்தின்படி ஆண்டுதோறும் 25 ஒலிப்பதிவுகள் தேசியப் பதிவேட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அங்கோலாச் சிறையில் ஒலித்த 'குட்நைட் ஐரீன்' அவற்றுள் ஒன்று. 2018-இன் சட்டத்தால், 1922 முடிய வெளிவந்த ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி முதல் நாள் பொதுவுடைமை ஆயின. இவற்றுள் பலவற்றை இன்று உலகின் எம்மூலையிலிருந்தும் கேட்கலாம்.

கருவிகள் பெருகிவிட்டன, கேட்க வேண்டிய வினா மாறவில்லை. காப்பக அட்டை, பாடியவரைச் சொன்னது, எழுதியவரை அறியவில்லை. இசைத்தாள், எழுதியவரைச் சொன்னது, வளர்த்தவரை அறியவில்லை. பதிப்புரிமை ஏடு பணம் பெறுவோரைச் சொன்னது. விற்பனைப் பட்டியல் விற்றவரைச் சொன்னது. ஒவ்வொன்றும் தன்னை உருவாக்கியவர் வேண்டியதை மட்டும் சொல்லி, மற்றதில் வாய்மூடி நிற்கிறது. ஒரே நூலை நம்பியவர் அந்நூலின் மௌனத்தையும் சேர்த்து நம்பியவர் ஆவார். அனைத்தையும் ஒரு மேசையில் விரித்து ஒன்றை மற்றொன்றால் வினவியபோதுதான், துப்புரவுப் பணி செய்து இசை கற்ற ஒருவரும், சிறையில் கிதார் இசைத்த ஒருவரும் ஒரே பாட்டின் இரு முனைகளில் தெரிந்தனர்.

இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அச்சிட்ட அப்பாட்டு லெட்பெட்டர் குடும்பத்தை எவர் வாய்வழி அடைந்தது என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. வயலிலும் அடுப்படியிலும் அதனைப் பாடிப் பாடி அடுத்தவர்க்குக் கொடுத்த அவர்களும் பாடினோரே. ஆய்வாளர் தம் குறிப்பில் அவர்களுக்கும் ஒரு வரியை வெற்றிடமாக விட்டு வைத்தல் வேண்டும். பெயர் கிடைத்தால் எழுதலாம். கிடைக்காவிடினும், அங்கே ஒருவர் இருந்தார் என்பதை அவ்வெற்றிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.